நாற்பது தடவை இறங்கி ஏற ஒரு சைக்கிள்

ஜூன் 4

வார்டன் அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால், "நாலு மாசமா எங்க போச்சு அந்த ஆவல்?" என்று கேட்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும்.

சிரிக்காதே. சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். "நடங்க, இல்லன்னா சைக்கிளாவது ஓட்டுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்துக் கிடங்கில் காலையிலிருந்து அடுக்கு அடுக்காக நடக்கிறவனை மறுபடி நடக்கச் சொன்னால் எப்படி? அதனால் சைக்கிள்தான் என்று முடிவு செய்தேன். வளைந்த ஹேண்டிலும் ஒல்லி டயருமாக, சர்ரென்று நம்மைத் தாண்டிப் போகிறார்களே, அந்த ரோடு பைக். சும்மா ஒன்றை வாங்கி மிதிப்பதற்கு வேகமாகப் போவதையே வாங்கலாமே.

கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசு புரட்ட முடியாது. பெரிய கடைக்குப் போய்ப் பார்த்தேன். முதலில் காட்டியதே நாற்பதாயிரம். "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றான். சொன்னேன். அதற்கப்புறம் அவனுக்குக் கடைக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது.

நீ சைக்கிள் கடைக்காரர் பெண். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் அங்கே உட்கார்ந்து வீல் பெண்டு எடுத்தவள். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. பன்னிரண்டாயிரத்துக்கு எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று எழுது. அந்த ஒல்லி டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையும் எழுது. நான் கொஞ்சம் கனம்தானே.

போன் வேண்டாம். பிப்ரவரியில் பேசியதே இன்னும் காதில் இருக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. மற்றபடி வீடு அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஜூன் 9

ஸ்டோர் இன்சார்ஜ் அவர்களுக்கு,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துதான் பிரித்தேன். பார்த்தால் சைக்கிள். "இனிமே போன் பண்ணாத, சொல்றதை எழுதி அனுப்பு" என்று கத்திவிட்டு வைத்தவர் நீங்கள். நானும் ரோஷக்காரி, எழுதவும் இல்லை. நான்கு மாதம் கழித்து முதலில் வாயைத் திறந்திருக்கிறீர்கள், அதுவும் ஒல்லி டயர் எவ்வளவு தாங்கும் என்று கேட்க. பரவாயில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டாயிரத்துக்குப் புது ரோடு பைக் கிடைக்காது. கிடைக்கிறது என்று எவனாவது சொன்னால் அவன் விற்பது பெயிண்ட். பழையது பாருங்கள். இரும்புப் பிரேமாக இருக்கட்டும். அலுமினியம் மலிவில் வந்தால் வேண்டாம். இரும்பு விரிசல் விட்டால் தெருமுனையில் ஒட்டிக்கொள்ளலாம், அலுமினியம் விரிசல் விட்டால் தூக்கித்தான் போட வேண்டும்.

வாங்கும் முன் இதெல்லாம் செய்யுங்கள். முன்பக்கம் ஹேண்டில் குழாயோடு கீழ்க் குழாய் சேரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள், பெயிண்ட் சுருங்கியிருந்தால் எங்கோ மோதிய வண்டி. வீலைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நடுவில் ரிம் நெளிகிறதா என்று குனிந்து பாருங்கள். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொட என்றால் உள்ளே பேரிங் போய்விட்டது. முன் பல்சக்கரத்திலிருந்து செயினை விரலால் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் செத்துவிட்டது, விலையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு காலும் தரையில் படிய நிற்க வேண்டும், நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். உங்கள் உயரத்துக்குப் பெரிய பிரேம்தான். கடைக்காரன் சின்னதைத் தள்ளிவிடப் பார்ப்பான், சீட்டை உயர்த்தினால் சரியாகிவிடும் என்பான். ஆகாது.

இனி என் விஷயம். எனக்குக் குதிகால் வலி. இந்த விடுதியில் எழுபது பெண்களுக்கு ஒரு வார்டன். கேட், சாவி, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி என்று நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறேன். காலையில் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடுகிறது. இருபது வருடம் உங்கள் சம்பளக் கவரையே பார்த்த எனக்கு, என் பெயர் எழுதின கவர் ஒன்று வேண்டும் போல இருந்தது. வந்தேன். வாங்கிப் பார்த்தாயிற்று. அலுத்துவிட்டது, நிஜமாகவே.

நான் கிளம்பின அன்று பஸ் நிலையத்தில், "என் சம்பளத்துல ரெண்டு பேர் சாப்பிட முடியாதா?" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன். அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா, இல்லை கோபத்தில் சொன்னதா? இந்த மாத முடிவுக்குள் நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் புது ஆள் போட்டுவிடுவார்கள். பூசி மெழுகாமல் பதில் எழுதுங்கள்.

சைக்கிள் கடைக்காரர் பெண்

ஜூன் 13

வார்டன் அம்மாவுக்கு,

இதைக் கேட்க வேண்டுமா? அன்று சொன்னதுதான் இன்றும். தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டு வா. உன் காலைத் தரையில் வைக்க விடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் வசனம் பேச எனக்கு வராது. ஆனால் நீ வருவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. குழாயைச் சரி செய்துவிட்டேன். ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் வந்து சேர்.

(பின்பக்கம்)

நீ சொன்னபடி இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்று கடையில், புதுசு. பதினொன்றரை. பிரேம் முழுக்க எழுத்து ஒட்டியிருக்கிறான். இருபத்தொரு கியர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், அலுமினியம். இன்னொன்று ஒரு டிரில் மாஸ்டருடையது. அவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி ஏறக் கூடாதாம். இரும்பு, பழைய ரோடு பைக். கியர் மாற்றுகிற குச்சி ஹேண்டிலில் இல்லை, கீழ்க் குழாயில் இருக்கிறது. ஒன்பதாயிரம் சொல்கிறார். பெயிண்ட் சுருக்கம் இல்லை, ரிம் நேராக ஓடுகிறது, செயின் மட்டும் போய்விட்டது. குறுக்குக் கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. மனுஷர் அதைத் துடைத்துக்கொண்டே பேசினார், கொடுக்க மனசில்லாத மாதிரி.

சில சந்தேகம். ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் எது உழைக்கும்? நாற்பது தடவை இறங்கி ஏறினால் உயரமான குறுக்குக் கம்பி இடுப்பைப் பிடிக்குமா? பின்னால் ஒரு இருபது கிலோ வைத்தால் ஒல்லி டயர் தாங்குமா, மழையில் வழுக்குமா? பூட்டாமல் இரண்டு நிமிடம் சாய்த்து வைக்க ஸ்டாண்டு போட முடியுமா? கழுத்து வலிக்காமல் இருக்க அந்த வளைந்த ஹேண்டிலில் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்? சீக்கிரம் எழுது. முப்பதாம் தேதிக்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 18

உங்களுக்கு,

உங்கள் கடிதம் பதினாறாம் தேதி காலையில் வந்தது. முன்பக்கத்தைப் படித்தேன். "தாராளமாக" என்ற வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். பின்பக்கம் முழுக்கச் சைக்கிள், சாவகாசமாகப் பார்க்கலாம் என்று மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, நேராக நிர்வாகி அம்மாவின் அறைக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். "ரொம்ப அவசரப்படுறீங்களேம்மா" என்றார். "எங்க வீட்டுக்காரர் வரச் சொல்லிட்டார்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று மத்தியானம்தான் பின்பக்கத்தைப் படித்தேன்.

நான் கடையில் உட்கார்ந்த காலத்தில் எத்தனையோ பேர் சைக்கிள் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தர் என்ன கேட்கிறார் என்பதை வைத்தே அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவேன். பால்காரர் கேரியரைக் கேட்பார். பள்ளிக்கூடத்துப் பையன் பெல்லைக் கேட்பான். சர்க்கரைக்காக ஓட்டுகிறவர் சீட் மெத்தென்று இருக்குமா என்று கேட்பார், வேறொன்றும் கேட்க மாட்டார். நாற்பது தடவை இறங்கி ஏற மாட்டார். இருபது கிலோவைப் பின்னால் வைத்துக்கொண்டு மழையில் போக மாட்டார். இரண்டு நிமிடம் பூட்டாமல் சாய்த்து வைப்பது எதற்கு? ஒரு வீட்டு வாசலில் எதையோ கொடுத்துவிட்டு ஓடி வர.

கிடங்கில் காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்கிறவருக்கு அறுபது கிலோமீட்டர் ஓட்ட நேரம் ஏது?

சைக்கிளைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது, அதை மட்டும் எழுதுங்கள். என்னிடம் கதை அளக்க வேண்டாம். என் ராஜினாமா அந்த அம்மாவின் மேஜையில் இருக்கிறது.

ஜூன் 22

உனக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வேலை போய்விட்டது. நீ கிளம்பின பதினோராவது நாள். கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அங்கே எந்த அட்டைப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கையில் பிடிக்கிற மெஷின் சொல்லிவிடுகிறது. பத்தொன்பது வருடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். முதலாளியின் மகன் உட்கார வைத்து, காபி வரவழைத்து, "உங்க அனுபவத்துக்கு வேற எங்கயும் கிடைக்கும் சார்" என்றான். எட்டு இடத்தில் கேட்டேன். நாற்பத்தொன்பது வயது என்றதும் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது பார்சல் கொடுக்கிறேன். வாடகைச் சைக்கிள், இருபது கிலோவுக்கு மேல் கனம், செயின் கவர் முழங்காலை உரசுகிறது. ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்கு. மோட்டார் வண்டி எனக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்தாலும் பெட்ரோல் போட்டால் ஒன்றும் மிஞ்சாது. இளவட்டங்கள் ரோடு பைக்கில் எழுபது எண்பது கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு முப்பத்தைந்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. வேகமான வண்டி இருந்தால் நாற்பது, நாற்பத்தைந்து தொடலாம், நீ வருவதற்குள் ஒரு வழியாகச் சம்பளம் மாதிரி ஆகிவிடும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டாயிரம் கிடங்கில் கணக்கு முடித்துக் கொடுத்ததில் மிச்சம்.

தினமும் ஆபீஸ் பையோடுதான் வீட்டை விட்டு இறங்குகிறேன். எதிர் வீட்டுக்காரர் "ஆபீஸா?" என்கிறார். தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். பையில் மழைக்கோட்டும் பஞ்சர் பேஸ்ட்டும்.

பிப்ரவரியில் நீ போன் செய்தபோது காலை பதினொரு மணி. நான் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். "என்ன சத்தம், வெளில இருக்கீங்களா?" என்று கேட்டாய். போனை வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் சண்டை போட்டேன். நீ கத்தவே இல்லை. நான்தான் கத்தினேன். இதைச் சொல்லத்தான் மூன்று தாள் கிழிந்தது.

நீ பஸ் ஏறியபோது அவ்வளவு பெரிய பேச்சுப் பேசியவன், பதினோராவது நாள் உன்னிடம் வந்து என்ன சொல்வது? சொல்ல முடியவில்லை. அப்புறம் நாள் ஆக ஆக இன்னும் முடியவில்லை. சர்க்கரை உண்மை. மற்றதெல்லாம் பொய்.

அந்த ராஜினாமாவைத் திரும்பக் கேட்க முடியுமா? இதைக் கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். கேட்கிறேன்.

ஜூன் 27

உங்களுக்கு,

படித்தேன். அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கேட்டில் ஒரு பெண்ணை அநியாயமாகத் திட்டிவிட்டேன்.

வேலை போனதில் எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. அது யாருக்கும் போகும். பார்சல் கொடுப்பதிலும் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, நான் கருப்புக் கிரீஸ் கையோடு பள்ளிக்கூடம் போனவள். "எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை" என்று சைக்கிளுக்காக எழுதினீர்களே, அந்த ஒரு வரியை வேலை போன அன்று எழுதியிருக்கலாம். நாலு மாதம், நீங்கள் அப்படிக் கத்த நான்தான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி என்னதான் சொன்னோம் என்று படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். அதை மட்டும் என்னால் சுலபமாக மறக்க முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நிர்வாகி அம்மாவிடம் போனேன். "நேத்து வரைக்கும் வீட்டுக்காரர் வரச் சொன்னார்னீங்க, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்றார். உங்களை விட்டுக்கொடுக்காமல், எனக்கே மனசு மாறிவிட்டது என்றேன். புது ஆளிடம் பேசி முடித்துவிட்டாராம். அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுச் சொன்னார்: இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்வதாக. "நடுவுல மறுபடி கால் வலின்னு வந்து நிக்கக் கூடாது." எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லீவு, அதிலும் சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். வந்து போக பஸ்ஸிலேயே பொழுது சரியாகிவிடும். அதனால் வருவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி சைக்கிள். கடையில் இருக்கிற புதுசைத் தொடாதீர்கள். அந்த விலைக்கு டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறான் என்றால் வேறு எல்லா இடத்திலும் கை வைத்திருப்பான். டிரில் மாஸ்டருடையதை வாங்குங்கள். செயினைக் காட்டி எட்டுக்குக் கேளுங்கள், எட்டரைக்குக் கொடுப்பார். கியர்க் குச்சி கீழ்க் குழாயில் இருப்பதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். வளைந்த ஹேண்டிலைக் கழற்றி நேர் ஹேண்டில் போட்டாலும் கியரைத் தொட வேண்டாம், பிரேக் பிடி இரண்டை மட்டும் மாற்றினால் போதும். நாற்பத்தொன்பது வயதில் நாளெல்லாம் குனிந்து ஓட்டினால் கழுத்து போய்விடும். வளைந்த ஹேண்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், விலை போகும்.

டயர் ஒல்லி வேண்டாம். பிரேக்குக்கு அடியில் எவ்வளவு அகலம் நுழையுமோ அவ்வளவு அகலமாகப் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், பஞ்சர் குறையும். பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் பிரேமில் சின்ன ஓட்டை இரண்டு இருக்கும், அதில் கேரியர் மாட்டலாம். அந்த ஓட்டை இல்லையென்றால் வாங்காதீர்கள். பாரத்தை முதுகில் மட்டும் சுமக்க வேண்டாம். சீட் உயரம், பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் மடங்காமல் நீளும் அளவு. முழங்கால் முன்பக்கம் வலித்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். இறங்கும்போது காலைப் பின்னால் வீசுங்கள், அவசரத்தில் முன்பக்கமாகத் தாண்டாதீர்கள், விழுவீர்கள்.

எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். நாற்பத்தைந்து தொட வேண்டாம். முப்பத்தைந்து போதும். மீதிக்கு நான் இங்கே நிற்கிறேன்.

ஜூலை 3

உனக்கு,

எட்டரைக்குக் கொடுத்தார். ஓட்டை இரண்டும் இருந்தது. கேரியர் மாட்டியாயிற்று. நேர் ஹேண்டில் போடச் சொன்னபோது மெக்கானிக், "நல்ல ரோடு பைக்கைக் கெடுக்குறீங்களே சார்" என்றான். யார் சொன்னது என்று கேட்டான். வீட்டில் சொன்னார்கள் என்றேன். டயர் ஒரு சுற்று அகலமாகப் போட்டான், அதற்கு மேல் பிரேக்கில் இடிக்கிறது. முந்நூற்று எழுபது மிச்சம்.

நேற்று முதல் நாள். முப்பத்தெட்டு. முழங்கால் முன்பக்கம் வலித்தது, சீட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், குறைந்தது. இறங்கும்போது ஒரு தடவை முன்பக்கமாகத் தாண்டி ஒரு வீட்டு கேட்டில் போய் இடித்தேன். பார்சல் வாங்க வந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். ஆபீஸ் பையை எடுத்துப் போகவில்லை. எதிர் வீட்டுக்காரர் கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலை மாறிட்டேன்" என்றேன். "எப்ப?" என்றார். "பிப்ரவரில" என்றேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான் பெடலை மிதித்தேன்.

இரண்டு வருடம் என்று படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். உன் காலுக்கு மெத்தென்று உள்ளே ரப்பர் வைத்த செருப்பு இருக்கிறதாம், மருந்துக் கடையில் பார்த்தேன். அளவு எழுது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எதையும் ஒளிக்கப் போவதில்லை என்பதால். நீ ராஜினாமா கொடுத்துவிட்டாய் என்று படித்தபோது, மாட்டிக்கொண்டோம் என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். கையில் வேலை இல்லை, வீட்டில் அரிசி இல்லை, பொய் வெளியே வந்துவிட்டது, எல்லாம் தெரிந்தும் அன்று சாயங்காலமே அலமாரியில் கீழ் இரண்டு தட்டையும் உன் புடவைகளுக்காக ஒழித்து வைத்தேன். நேற்று வந்து என் துணியைத் திரும்ப அடுக்கலாம் என்று கதவைத் திறந்தேன். அடுக்க மனசு வரவில்லை. சட்டையெல்லாம் நாற்காலி மேலேயே கிடக்கிறது.

உன் வீட்டுக்காரன்